மஞ்சள் புழுவுக்கு யார் சொந்தம்

ஹௌகோய் தீவு
22 ஏப்ரல் 1894

அன்புள்ள ஐலிஃப் அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். கிறிஸ்தியானியாவில் உன் அறையில் கணப்பு சரியாக எரிகிறதா? இருமல் நின்றதா?

நீ கேட்டது கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அப்பா நீ விட்டுப்போன இரும்பு வாரியைக் கடலில் இறக்கி, எண்பது ஆள் ஆழத்திலிருந்து சேறு அள்ளினார். அதில் உன் மஞ்சள் புழுக்கள் பன்னிரண்டு இருந்தன. கட்டைவிரல் நீளம், சப்பை உடம்பு, நடுவில் இடுப்புக்கயிறு கட்டியதுபோல ஒரு பள்ளம். தலை எது, வால் எது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கண் இல்லை, கால் இல்லை. அடியில் ஒரு வாய் மட்டும். உண்டதை வெளியே விட வழியே காணோம்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்காம்மா பட்டணத்துல படிக்கிறான் எம் மவன்? உலகத்துல மூணே வகை உசுருதான். நாம தின்னுறது, மீன் தின்னுறது, யாருமே தின்னாதது. இது மூணாவது. எழுதிப் போடு அவனுக்கு" என்றார். எழுதிவிட்டேன்.

படகுக் கொட்டகையில் எட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்துப் பிரித்துவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. பன்னிரண்டு வயதோடு பள்ளியை விட்டவளுக்குப் புரிகிறமாதிரி எழுது.

உன் தங்கை,
குன்வோர்

*

கிறிஸ்தியானியா
3 மே 1894

பிரியமுள்ள குன்வோர்,

இருமல் பாதி நின்றது. மீதி என் வீட்டுக்காரியின் மீன் சூப்பால் வருகிறது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

அப்பாவின் மூன்று வகையை நேற்று இங்கே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நாங்கள் செய்வதும் அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. படகின் அடியில் ஒட்டுகிற கொட்டலசை நினைத்துப் பார். ஓடு இருப்பதால் அதை மட்டியோடுதான் ஒரு காலத்தில் சேர்த்திருந்தார்கள். பிறகு ஒருவர் அதன் குஞ்சைப் பார்த்தார். குஞ்சுக்கு ஆறு கால்கள், ஒற்றைக் கண், இறால் குஞ்சைப் போலவே நீந்தியது. அன்றிலிருந்து கொட்டலசு நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தமாகிவிட்டது. வளர்ந்த உடம்பு பிழைப்புக்காக எப்படியும் மாறிக்கொள்ளும். முட்டைக்குள் அது எந்த ஒழுங்கில் பிரிந்து, எந்த வடிவத்தில் வெளியே வருகிறது என்பதைப் பார்த்தால்தான் அது எந்தக் குடும்பம் என்று தெரியும்.

மஞ்சள் புழுவின் குஞ்சை யாரும் பார்த்ததில்லை. ஆகஸ்ட் 20-ஆம் தேதி இயற்கையாளர் கூட்டத்தில் நான் பேச வேண்டும். அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு உதவியாளர் இடம் காலியாகிறது. பேராசிரியர் லோத்ரூப் அன்றைக்குத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார். என்னிடம் இருப்பது அந்தப் புழு ஒன்றுதான். கிடைக்காவிட்டால் என் படிப்பு அதோடு முடிந்தது.

தண்ணீரைத் தினமும் மாற்று. கரையோரம் எடுக்காதே. நடுக்கடலுக்குப் படகை வலித்துப்போய் எடுத்து, நான் கொடுத்த மாவு சலிக்கும் பட்டில் இரண்டு தடவை வடிகட்டு. இது ஒன்றைத் தவறவிடாதே.

உன் அண்ணன்,
ஐலிஃப்

*

ஹௌகோய்
31 மே 1894

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ சூப்பை விட்டுவிட்டு ரொட்டியாவது ஒழுங்காகச் சாப்பிடு.

கானாங்கெளுத்தி வந்துவிட்டது. கூடவே தெற்கிலிருந்து நாற்பது படகுகள். கடலே தெரியவில்லை, பாய்மரம்தான் தெரிகிறது. மார்த்தே அத்தைக்கு ஒரே கொண்டாட்டம், தினம் அறுபது பேருக்கு ரொட்டி சுட்டு விற்கிறாள்.

திங்கட்கிழமை நான் வாளியோடு படகை எடுத்துக்கொண்டு போனேன். நடுவில் போனதும் ஒரு படகிலிருந்து ஒருவன், "ஏ பாப்பா, வாளியில என்ன, கடலையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறியா? எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வையம்மா!" என்று கத்தினான். எல்லாப் படகிலும் சிரிப்பு. இன்னொருவன், "தண்ணிக்கு வந்தியா, மாப்பிள்ளைக்கு வந்தியா?" என்றான். விசில் வேறு. என் முகம் எப்படிச் சிவக்கும் என்று உனக்குத் தெரியும். பாதிரியார் சபை முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்ட அன்று, விடை தெரிந்தும் வாய் திறக்காமல் கடைசி இடத்தில் நின்றவள்தானே நான். படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டுத்துணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அன்று துணி துவைக்கும் நாள்.

கிண்ணங்களுக்குத் தண்ணீர் மாற்றியாயிற்று. புழுக்கள் நலமாக இருக்கின்றன.

உன் தங்கை,
குன்வோர்

*

ஹௌகோய்
9 ஜூன் 1894

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மற்றதெல்லாம் பிறகு.

மூன்றாவது கிண்ணத்தில் குஞ்சுகள்! வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரி இருந்தது. நீ விட்டுப்போன நுண்ணோக்கியில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓடு இருக்கிறது, அண்ணா. கண்ணாடி போன்ற ஓடு. முன்னால் ஒரு மடல் நீட்டி, அதன் ஓரத்து மயிர்களைச் சுழற்றிச் சுழற்றி நீந்துகின்றன. தட்டினால் மடலை உள்ளே இழுத்துக்கொண்டு அடியில் விழுகின்றன. அவ்வளவு சின்னதுக்குப் பயப்படத் தெரிகிறது.

படம் வைத்திருக்கிறேன். ஓட்டின் ஒரு பக்கம் வளைவு, இன்னொரு பக்கம் நேர்க்கோடு. அந்தக் கோட்டில் இரண்டு ஓடும் கீல் போட்டதுபோலச் சேர்கின்றன. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருக்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "புழு பெத்த பிள்ளையா இது? அம்மா ஜாடையே இல்லையே" என்றார்.

உன் தங்கை,
குன்வோர்

*

கிறிஸ்தியானியா
18 ஜூன் 1894

என் தங்கமே குன்வோர்,

உன் கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். வீட்டுக்காரி எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன், அந்தச் சூப்பையும் மன்னித்துவிட்டேன்.

ஓடும் மடலும் இருந்தால் அது மெல்லுடலிகளின் குடும்பம். கண்ணும் இல்லாமல் காலும் இல்லாமல் சேற்றில் கிடக்கிற இந்தப் புழு, நத்தைக்கும் மட்டிக்கும் ஒன்றுவிட்ட உறவு! வளர்ந்தபின் எல்லாவற்றையும் உதறிவிட்டிருக்கிறது. பேராசிரியரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். அவர் யாருக்கும் எழுந்து நிற்பவர் அல்ல.

கூட்டத்தில் காட்டப் பெரிய படம் ஒன்று வேண்டும். உன் கை என் கையைவிட நன்றாக வரையும். ஒரே ஒரு விஷயம்: அந்தக் கீல் கோடு தேவையில்லை. ஒற்றை ஓடு போலவே வரைந்தால் போதும். அவ்வளவு சிறியதில் கோடு எது, நிழல் எது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

அப்பாவிடம் சொல், நான்காவது வகை ஒன்று இருக்கிறது என்று. மகனுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது.

உன் அண்ணன்,
ஐலிஃப்

*

ஹௌகோய்
30 ஜூன் 1894
(தபாலில் சேர்க்காதது)

அண்ணா,

அந்தத் திங்கட்கிழமை தண்ணீரை நான் நடுக்கடலில் எடுக்கவில்லை. படகுத்துறையின் கீழே எடுத்தேன். பட்டு கொடியில் ஈரமாகக் கிடந்தது. ஒரு நாள்தானே என்று அப்படியே ஊற்றிவிட்டேன். மூன்றாவது கிண்ணத்துக்கும் நான்காவதுக்கும் மட்டும்தான் வாளித் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

துறையின் கால்களில் முழுக்க மட்டி. மே கடைசியில் அவை முட்டை விடும். தண்ணீரே பால் கலந்ததுபோல இருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். எனக்கு அன்றைக்கு ஏன் தோன்றவில்லை?

நேற்று நான்காவது கிண்ணத்தைப் பார்த்தேன். அதிலும் ஓட்டுக் குஞ்சுகள். மற்ற ஆறு கிண்ணங்களில் ஒன்றுகூட இல்லை.

நீ பேராசிரியரிடம் சொல்லிவிட்டாய். அவர் எழுந்து நின்றார் என்று எழுதியிருக்கிறாய். இப்போது நான் எப்படி

*

ஹௌகோய்
30 ஜூன் 1894

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். மழை இல்லை. புல் அறுக்க ஆரம்பித்துவிட்டோம். படம் வரைந்து அனுப்புகிறேன்.

உன் தங்கை,
குன்வோர்

*

கிறிஸ்தியானியா
14 ஜூலை 1894

பிரியமுள்ள குன்வோர்,

நான் நலம். உன் கடிதம் ஐந்து வரிகூட இல்லை. நாலு பக்கம் எழுதுகிறவளுக்கு என்ன ஆயிற்று? புல் அறுக்கும் வேலையா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பா ஏதாவது சொன்னாரா?

கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. இரவில் படுத்தால் அந்த மேடையும் முன்வரிசை தாடிகளும்தான் கண்ணில் நிற்கின்றன. உனக்குக் கவலை வேண்டாம். அங்கே நின்று பேச வேண்டியவன் நான்தானே.

படம் இன்னும் வரவில்லை. கோடு இல்லாமல் வரையச் சொன்னது நினைவிருக்கிறதா?

உன் அண்ணன்,
ஐலிஃப்

*

ஹௌகோய்
6 ஆகஸ்ட் 1894

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

குஞ்சுகள் புழுவுடையவை அல்ல. மே மாதம் படகுக்காரர்களுக்கு வெட்கப்பட்டு நான் துறைக்கடியில் தண்ணீர் எடுத்தேன். வடிகட்டவும் இல்லை. மட்டி முட்டை கலந்துவிட்டது. "தண்ணீர் மாற்றியாயிற்று" என்று எழுதினேன். பொய் எழுதவில்லை, ஆனால் உண்மையையும் எழுதவில்லை. ஜூன் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே ஒரு கடிதம் எழுதி, பெட்டிக்கடியில் வைத்துவிட்டு, வேறொன்றை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். எட்டுக் கிண்ணங்களையும் கொதிநீரில் கழுவினேன். அப்பா மறுபடியும் சேறு அள்ளிக் கொடுத்தார். தினமும் நடுக்கடலில் எடுத்து, பட்டுத்துணியை மூன்றாக மடித்து வடிகட்டினேன். வடிகட்டிய தண்ணீரைப் புழு இல்லாமல் ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தேன். அதில் ஏதாவது பிறந்தால் குற்றம் தண்ணீருடையது. ஒன்றும் பிறக்கவில்லை.

ஜூலை 24-ஆம் தேதி எட்டாவது கிண்ணத்தில் புழு முட்டையிட்டது. என் கண்ணால் பார்த்தேன். மட்டியின் முட்டையையும் எடுத்துப் பார்த்தேன், அது சின்னது, வெளிறியது. இது பெரியது, ஆரஞ்சு நிறம், உள்ளே ஒளி போகாது. இரண்டாகி, நான்காகிப் பிரிந்தது. மட்டி முட்டையில் பிரிந்த உருண்டைகளின் மேல் வரிசை, கீழ் வரிசையின் இடுக்குகளில் திருகி உட்காரும். இதில் அப்படித் திருகவே இல்லை. ஐந்தாம் நாள் ஒரு ஆரஞ்சு உருண்டை வெளியே வந்தது. உடம்பெல்லாம் மென்மயிர். ஓடு இல்லை. மடல் இல்லை. வாய்கூட இல்லை. மெதுவாகச் சுற்றிக்கொண்டே போகிறது. இது யாருடைய பிள்ளை மாதிரியும் இல்லை.

இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டிக் குஞ்சு, கீல் கோட்டோடு. அது இருந்தது, அதனால் வரைந்தேன். இன்னொன்று புழுவின் குஞ்சு.

நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. கூட்டத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று அப்பாவே கப்பலுக்குக் கொண்டுபோகிறார்.

உன் தங்கை,
குன்வோர்

*

ஹௌகோய்
2 செப்டம்பர் 1894

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

கூட்டம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. வாரம் இரண்டு தடவை கப்பல் வருகிறது. அப்பா துறையில் நின்று கேட்கிறார். தபால்காரர் சிவெர், "உன் மவன் பெரிய மனுசனாயிட்டான் போல, மை வாங்கக்கூட நேரமில்ல" என்றாராம். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் மட்டும், "நீ என்னதான் எழுதின அவனுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். வலையில் ஒரு வரிசை பின்னி முடித்தார். பிறகு, "சொல்லாம இருந்திருந்தா அவனுக்கு வேலை கிடைச்சிருக்கும், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். நீயும் சாப்பிடு.

உன் தங்கை,
குன்வோர்

*

கிறிஸ்தியானியா
9 செப்டம்பர் 1894

என் அன்பான குன்வோர்,

உடம்புக்கு நலம்தான். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உடம்பு இல்லை.

உன் கடிதம் கூட்டத்துக்கு ஆறு நாள் முன்பே வந்துவிட்டது. உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். நல்ல வேளை, உறையில் போடும்முன் அதை மறுபடி படித்தேன். அதில் எழுதியிருந்தது எல்லாம் நான் என்னைச் சொல்ல வேண்டியது.

குன்வோர், உன் முதல் படத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். கீல் உள்ள இரட்டை ஓடு, நேர்க்கோடு. அது மட்டிக் குஞ்சு என்று முதலாண்டு மாணவன்கூடச் சொல்வான். எங்கேயோ தண்ணீர் கலந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. கலக்காமலும் இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பேராசிரியரிடம் படத்தைக் காட்டாமல் வாயால்தான் சொன்னேன். பிறகு உன்னிடம் அந்தக் கோடு வேண்டாம் என்றேன்.

20-ஆம் தேதி இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். முதலில் சொன்னது தவறு என்றேன். புழுவின் உண்மையான குஞ்சு இதுதான் என்று காட்டினேன். லோத்ரூப் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப இது எந்தக் குடும்பத்துல சேரும்?"

"தெரியலைங்க."

முன்வரிசையில் ஒருவர், "தெரியாதுங்கிறதைச் சொல்றதுக்கா மேடை போட்டுக் கொடுத்தோம்?" என்றார். சிரித்தார்கள். லோத்ரூப் சிரிக்கவில்லை.

"முட்டையைப் பார்த்தது யாரு?"

"என் தங்கச்சிங்க."

"படம்?"

"தங்கச்சி."

"தண்ணி கலந்ததைக் கண்டுபிடிச்சது? வெறும் தண்ணிய ஒரு கிண்ணத்துல தனியா வச்சுப் பார்க்கணும்னு நினைச்சது?"

"அவதாங்க. நான் சொல்லிக் கொடுக்கலை."

"அப்ப தம்பி, நீங்க என்னதான் செஞ்சீங்க?"

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "படத்துல ஒரு கோட்டை அழிக்கச் சொன்னேன்" என்றேன். எதற்கு என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடம் இன்னொருவனுக்குப் போய்விட்டது. நட்சத்திர மீனின் கைகளை எண்ணியவன். நல்லவன்தான், சரியாக எண்ணியிருக்கிறான். எனக்கு இங்கே ஒரு வணிகர் வீட்டில் இரண்டு பையன்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை கிடைத்திருக்கிறது. அதில் ஏமாற்றம் என்றால் எனக்கு மட்டும்தான்.

கூட்டம் முடிந்ததும் லோத்ரூப் தன் முகவரியை எழுதிக் கொடுத்தார். எனக்கு அல்ல. இனிமேல் அந்தக் கிண்ணங்களில் நடப்பதை நேராகத் தனக்கு எழுதச் சொன்னார், உனக்கு விருப்பம் இருந்தால். முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். நீ வெட்கப்படுவாய் என்று சொன்னேன். "எழுதுறப்ப முகம் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றார்.

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. என்னால் அவருக்கு எழுத முடியாது.

உன் அண்ணன்,
ஐலிஃப்

*

ஹௌகோய்
23 செப்டம்பர் 1894

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். குளிர் தொடங்கிவிட்டது. உனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கப்பலில் வருகிறது.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். எதையும் விடவில்லை. கோடு வந்த இடத்தில் வலையைக் கீழே வைத்தார். முடிந்ததும், "மேடையில, அத்தனை பேர் முன்னாடியா சொன்னான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லு. கணக்கு சொல்லித் தர்ற வாத்தியாருக்கும் லீவு உண்டுல்ல" என்றார். பிறகு துறைக்குப் போய் சிவெரோடு பேசினார். ஆகவே வா.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுத முடியாது. ஜூலை முழுக்க அந்தத் தப்பு உலகத்தில் என் ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது என்று நினைத்துக் கிடந்தேன். பாதி உன்னிடம் இருந்தது. நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். ஆனால் உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். இங்கிருந்து படிக்கப் போனவன் நீ ஒருவன்தான். வெறுங்கையோடு திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் இருக்கிறது, குறைந்துகொண்டும் இருக்கிறது. காலுறை பின்னும்போது கொஞ்சம் குறைந்தது.

எட்டாவது கிண்ணத்துச் செய்தி. சுற்றிக்கொண்டிருந்த உருண்டைகளில் மூன்று அடியில் இறங்கிவிட்டன. உடம்பு நீண்டு சப்பையாகிவிட்டது. வேறு எந்த வேஷமும் போடவில்லை. குட்டி மஞ்சள் புழுவாகவே ஆகிக்கொண்டிருக்கிறது. நேற்று ஒன்றின் அடியில் ஒரு சின்னக் குழி தெரிந்தது. வாய் என்று நினைக்கிறேன். இன்னும் மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு கடிதமும் எழுதினேன். நல்ல தாளாக இல்லை, எழுத்துப் பிழையும் இருக்கும். இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவதை மடித்துக்கொண்டு நானே துறைக்குப் போய்ச் சிவெர் கையில் கொடுத்தேன். முகவரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, "யாரும்மா இந்த லோத்ரூப்?" என்று கேட்டார். கப்பலுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "பேராசிரியர். என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

அதனால் குழியைப் பற்றி அவருக்குத்தான் முதலில் எழுதினேன், அண்ணா. உனக்கு இது இரண்டாவது.

காலுறை அளவு சரியா என்று எழுது.

உன் தங்கை,
குன்வோர்